தஹ்மீனா பேசியதில் பாதி

பேட்டையில் பாதி வீடுகளில் ஆண்பிள்ளைகள் கிடையாது. வலங்கைமானுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் இருக்கிற ஊர் அது. துபாய், குவைத், தம்மாம் என்று போனவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, வீட்டுக்கு ஒரு மாடி கட்டி, மனைவிக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஊர்ப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் அவர்கள் கட்டிக்கொடுத்ததுதான். அந்தப் பள்ளியில் தஹ்மீனா இயற்பியல் ஆசிரியை. கணவன் சைபுல்லா தம்மாமில் ஏசி பழுதுபார்க்கிற கம்பெனியில் இருந்தான். வீட்டில் அவளும் மாமியார் ஆமினாவும் மட்டும்தான்.

தஹ்மீனா திருச்சியில் எம்.எஸ்ஸி. படித்தவள். விடுதியில் அவளுடைய அறைத்தோழி வானதி, ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பெண். வானதியின் அப்பா துரைராசு கறுப்புச் சட்டைக்காரர். புது ஆற்றுப் பாசனத்தில் நெல் போடுகிற விவசாயி. ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர். வானதி கடவுளை எதிர்த்து வளர்ந்தவள் இல்லை, கடவுள் என்ற பேச்சே இல்லாத வீட்டில் வளர்ந்தவள். தஹ்மீனாவோ ஐந்து வேளையும் தொழுகிறவள். இருவரும் இதைப் பற்றிச் சண்டை போடாத வாரம் கிடையாது. போட்ட சண்டை சாப்பாட்டு மணி அடிக்கும்வரைகூட நீடித்ததும் கிடையாது.

இறுதியாண்டுப் பரீட்சை நெருங்கிய சமயத்தில் ஒரு காலைப் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த பெருஞ்சூட்டின் மிச்சம் வானம் முழுக்க மெல்லிய வெதுவெதுப்பாகப் பரவிக் கிடக்கிறது என்பது முன்பே தெரிந்த விஷயம். இப்போது ஒரு செயற்கைக்கோள் அந்த வெதுவெதுப்பில் இருக்கிற மிக நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளை அளந்துவிட்டது. அந்த ஏற்றத்தாழ்வுகள்தான் பிற்பாடு விண்மீன் கூட்டங்களாகத் திரண்டன என்று போட்டிருந்தது. இருவரும் அந்தப் பத்திரிகையை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து திருடிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார்கள். சித்திரை வெயில் காலைச் சுட்டது. வானதி அழுதுகொண்டே சிரித்தாள்.

"இதுல உன் அல்லா எங்கடி மீனா இருக்காரு?" என்று கேட்டாள். தஹ்மீனாவை மீனா என்று கூப்பிட்டது உலகத்தில் அவள் ஒருத்திதான்.

"நீ அளக்கிற இடத்துல இல்ல."

"அளக்க முடியாதது எனக்கு வேணாம்."

"உனக்கு வேணாம்னா விடு. எனக்கு ரெண்டும் வேணும்."

அதுதான் உண்மை. அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. இரண்டும் அவளுக்குள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருந்தன. தொழுகையில் குனிந்து, சுஜூதில் நெற்றி தரையைத் தொடும்போது அந்தப் பழைய சூட்டை நினைத்துக்கொள்வாள். அதை வைத்து எதையும் நிரூபிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. நினைத்துக்கொண்டால் மனசு விரிந்தது, அவ்வளவுதான்.

விடுமுறைகளில் வானதியின் வீட்டுக்குப் போவாள் தஹ்மீனா. தஹ்மீனா தொழ நின்றால் துரைராசு ரேடியோவை நிறுத்திவிடுவார். களத்தில் சத்தம் போடுகிறவர்களைப் பார்த்து, "பாப்பா தொழுவுது, செத்த சும்மா இருங்கடா" என்பார். ஒருநாள் வானதியின் அம்மா பிரகதாம்பாள், "சாமி இல்லன்னு ஊரெல்லாம் மைக் பிடிக்கிறீங்க, இதுக்கு மட்டும் காவலா?" என்று கேட்டாள். "எனக்கு நம்பிக்கை இல்ல, அதுக்கு இருக்குல்ல" என்றார் துரைராசு. அன்றைக்குச் சாப்பிடும்போது, தான் செத்தால் சங்கு ஊதக்கூடாது, சடங்கு கூடாது, உடம்பைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அவர் அதைச் சொல்லாத நாளே கிடையாது என்பதால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

படிப்பு முடிந்து தஹ்மீனா கல்யாணமாகிப் பேட்டைக்கு வந்தாள். வானதி தஞ்சாவூருக்கு வெளியே புதிதாக முளைத்த ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனாள். ஒரு பகுத்தறிவு அறிவியல் மன்றத்திலும் சேர்ந்துகொண்டாள். இருவரும் மாதம் ஒருமுறையாவது தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள்.

பள்ளியில் சேர்ந்த நாலாவது வருஷம், பன்னிரண்டாம் வகுப்பில், பாடத்தில் இல்லாத ஒன்றைத் தஹ்மீனா சொன்னாள். டி.வி.யில் நிகழ்ச்சி எதுவும் வராத சேனலைத் திருப்பினால் வெள்ளைப் புள்ளிகள் கொதிக்குமே, இரைச்சல் கேட்குமே, அதில் நூற்றில் ஒரு பங்கு போலப் பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம் என்றாள். அமெரிக்காவில் இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் ஆன்டெனாவில் ஓயாத ஓர் இரைச்சல் வருகிறது என்று புறா எச்சத்தையெல்லாம் சுரண்டிக் கழுவியும் அது போகவில்லை, கடைசியில் அது வானத்திலிருந்து வருவது என்று தெரிந்தது என்றும் சொன்னாள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். அன்று சாயங்காலம் பேட்டையில் பல வீடுகளில் பெண்பிள்ளைகள் ஒன்றுமில்லாத சேனலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சீரியல் பார்க்க வந்த அம்மாக்கள் திட்டினார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் ஹம்தான் பாய். பள்ளியின் செயலாளர். துபாயில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்து பாத்திரக்கடை வைத்தவர். அவர் மகள் தஹ்மீனாவின் வகுப்பில் படித்தாள். மகள் சொன்னதைக் கேட்டு அவரும் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். அவர் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் எந்த இடத்திலும் அவர் கெட்டவர் இல்லை.

மறுநாளே பள்ளிக்கு வந்தார். "டீச்சரம்மா, வானமும் பூமியும் ஒண்ணா இருந்துச்சு, பிறகு பிரிச்சோம்னு வேதத்துல வருதே, அதைத்தானே நீங்க சொல்றீங்க? இத ஊருக்கே சொல்லணும். ஜமாஅத்துல பெண்கள் மாநாடு வச்சிருக்கோம். நீங்க பேசுங்க."

தஹ்மீனா தயங்கினாள். "பாய், நான் விஞ்ஞானத்துல என்ன தெரிஞ்சிருக்குன்னு சொல்லலாம். அது வேதத்த நிரூபிக்குதுன்னு சொல்ல எனக்கு வராது."

"நீங்க தெரிஞ்சத சொல்லுங்க. மத்தத அல்லாஹ் பாத்துக்குவான்."

வெள்ளிக்கிழமை போன் பேசும்போது சைபுல்லாவிடம் சொன்னாள். அவனுக்கு ஒரே பெருமை. "பேசு தஹ்மீனா. இங்க ரூம்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். கேசட் அனுப்பச் சொல்லு" என்றான். தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, வருஷத்தில் பாதி நாள் கொதிக்கிற வெயிலில் ஏணி ஏறுகிற மனிதன் சந்தோஷமாகப் பேசினான். அவள் சரி என்றாள்.

பேசினாள். நன்றாகவே பேசினாள். விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுவதைச் சொன்னாள். அப்படியானால் ஒரு காலத்தில் எல்லாம் நெருக்கிப் பிடித்துக் கிடந்திருக்க வேண்டும் என்றாள். அந்தச் சூட்டின் மிச்சத்தைச் சொன்னாள். வானத்தில் எங்கே பார்த்தாலும் ஹீலியம் என்ற வாயு ஏறக்குறைய கால் பங்கு இருப்பதும் அந்தத் தொடக்கச் சூட்டில் வெந்ததுதான், கணக்குப் போட்டால் சரியாக வருகிறது என்றாள். பந்தலுக்குள் குழந்தைகள்கூட அழவில்லை. பிறகு இப்படி முடித்தாள்:

"இவ்வளவுதான் நமக்குத் தெரியும். இதுக்கும் முன்னால என்னன்னு யாருக்கும் தெரியாது. இந்தக் கணக்கு, படைச்சவன் இருக்கான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நான் நம்புறேன். என் உயிர் அதுலதான் நிக்குது. ஆனா என் ஈமான் இந்தக் கணக்குல நிக்கல. நாளைக்கு இன்னும் நல்ல கருவி வந்து இந்தக் கணக்கையே மாத்தலாம். அப்ப நம்ம நம்பிக்கையையும் மாத்திக்குவோமா? அதனால ஒண்ண வச்சு இன்னொண்ண முட்டுக் கொடுக்க வேணாம்."

மூட்டுவலியால் ஆமினா மாநாட்டுக்குப் போகவில்லை. வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள்.

கேசட் வந்தபோது தஹ்மீனா அதைப் போட்டுக் கேட்டாள். ஹீலியக் கணக்கு சரியாக வருகிறது என்று அவள் குரல் சொன்னது. உடனே 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழக்கம். அதோடு அந்தப் பக்கம் முடிந்தது. மறுபக்கத்தில் வெளியூர் ஹஜ்ரத் ஒருவரின் பயான், மார்க்கச் சொற்பொழிவு. "நம் சகோதரி, இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற சகோதரி சொல்லிவிட்டார், விஞ்ஞானம் வேதத்தின் முன்னால் மண்டியிட்டுவிட்டது" என்று அவர் ஆரம்பித்தார்.

அவள் பாத்திரக்கடைக்கே போய்க் கேட்டாள். ஹம்தான் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து முகம் மலரப் பேசினார்.

"ஒரு பக்கம் அரை மணி நேரந்தான் ஓடும் டீச்சரம்மா. டேப் தீந்துபோச்சு."

"முடிவுதான் பாய் முக்கியம். அது இல்லாம நான் பேசினது வேற ஆயிடுது."

"என்ன வேற? நீங்க சொன்ன ஒரு வார்த்தைய நாங்க மாத்தினோமா? தம்மாம், ஜித்தா எல்லா எடத்துக்கும் போயிருக்கு. எத்தன பேரு தொழுகைக்குத் திரும்பியிருக்காங்க தெரியுமா? அந்த நன்மையெல்லாம் உங்களுக்குத்தான்."

முழுப் பேச்சு பதிவாகியிருந்த மூல டேப்பைக் கேட்டாள். அதன்மேலேயே யாருடைய நிக்காஹையோ பதிவு செய்துவிட்டார்களாம்.

தஹ்மீனா வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை சைபுல்லா பேசினான். கேம்ப்பில் எல்லாரும் கேட்டார்களாம். ஒரு கேரளாக்காரன் தமிழ் சரியாகப் புரியாமலேயே அழுதானாம். சைபுல்லாவை இப்போது எல்லாரும் மரியாதையாக நடத்துகிறார்களாம். அவனிடம் அவள் டேப் தீர்ந்த கதையைச் சொல்லவில்லை.

கேசட் ஒருநாள் தஞ்சாவூருக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வானதி பேட்டைக்கு வந்து நின்றாள். வந்தவள் ஆமினா கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

"மொட்ட மாடியில நின்னு ரெண்டு பேரும் அழுதோமேடி. அதையாடி போய் இப்பிடி வித்த?"

தஹ்மீனா நடந்ததைச் சொன்னாள். வெட்டப்பட்ட பகுதியை வார்த்தை மாறாமல் சொல்லிக் காட்டினாள். வானதியின் முகம் இளகிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இத வெளிய சொல்லணும் மீனா. எங்க மன்றக் கூட்டத்துக்கு வா. தஞ்சாவூருல மேடை போட்டுத் தரேன். முழுசாப் பேசு. யாரு வெட்டுறான்னு பாப்போம்."

தஹ்மீனா போனாள். மாமியாரிடம் சிநேகிதி வீட்டுக்கு என்று மட்டும் சொன்னாள். கூட்டம் தொடங்குவதற்கு முன் வானதி அவளை ஓரமாக அழைத்துப்போனாள்.

"எல்லாம் சொல்லு. அந்த, 'நான் நம்புறேன், என் உயிர் அதுலதான் நிக்குது'ன்னு வருதுல்ல, அத மட்டும் விட்டுடேன். குழப்பும். அதையே பிடிச்சிக்கிட்டுத் தொங்குவாங்க."

"அதுவும் நான்தானடி."

"நான் இல்லன்னா சொல்றேன்? மேடைக்கு வேணாங்கிறேன்."

தஹ்மீனா எதையும் விடாமல் பேசினாள். கேசட்டில் தன் பேச்சு பாதியில் வெட்டப்பட்டதைச் சொன்னாள். இந்தக் கணக்கை வைத்து வேதத்தை நிரூபிக்க முடியாது என்றாள். இதை வைத்துக் கடவுள் இல்லை என்றும் நிரூபிக்க முடியாது என்றாள். தான் நம்புகிறவள் என்றாள். முதல் பாதிக்குக் கைதட்டினார்கள். இரண்டாவது பாதிக்கு நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது.

பத்துப் பதினைந்து நாளில் மன்றத்தின் துண்டறிக்கை வந்தது. முக்காடு போட்ட தஹ்மீனாவின் போட்டோ பெரிதாக இருந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'மதவாதிகளின் புளுகை உடைத்தெறிந்த முஸ்லிம் ஆசிரியை'. உள்ளே அவள் பேச்சு. வேதத்தை நிரூபிக்க முடியாது என்பதோடு முடிந்திருந்தது. அடியில் தொகுத்தவர் பெயர்: வானதி.

பள்ளிக்கூட வாசலில் யாரோ அதை ஒட்டியிருந்தார்கள். ஆண்கள் கூடி நின்று படித்தார்கள். பதினோரு மணிக்கு வகுப்பிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். ஹம்தான் பாய் தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அழுகிறவர்போல் இருந்தார்.

"டீச்சரம்மா, எம் மவ ஒங்கள மாதிரி ஆவணும்னு சொல்லிட்டிருந்துச்சு. என்னால யாருக்கும் பதில் சொல்ல முடியல. நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க."

"நான் நம்புறேன்னும் அங்க சொன்னேன் பாய். அத அவங்க போடல."

"போடலையே. அதுக்கு நான் என்ன செய்ய?"

ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வகுப்பறை ஜன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன. ஒருத்தியும் கையசைக்கவில்லை.

வானதிக்குப் போன் போட்டாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"எடம் இல்ல மீனா. ஒரு தாள், ரெண்டு பக்கம். எல்லாத்தையும் போட முடியுமா? ஒரு வார்த்த மாத்தியிருக்கேனா பாரு."

"ஹம்தான் பாய் டேப் தீந்துபோச்சுன்னாரு. நீ எடம் இல்லங்கிற."

"அவரையும் என்னையும் ஒண்ணாச் சேக்கிறியா?"

"நான் சேக்கல வானதி. நீங்களாத்தான் வந்து நின்னீங்க."

வானதி போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சைபுல்லா பேசினான். துண்டறிக்கையை யாரோ தபாலில் தம்மாமுக்கு அனுப்பியிருந்தார்கள். "ஆறு மாசமா ஒன் கேசட்டப் போட்டு அழுத பசங்க, தஹ்மீனா. இப்ப சாப்பிடறப்ப என்கூட ஒரே சகன் தட்டுல கை வைக்க மாட்டேங்கிறாங்க. ஒரு வார்த்த சொல்லிடு. நான் அப்பிடிப் பேசவே இல்ல, அவங்களாப் போட்டுக்கிட்டாங்கன்னு சொல்லிடு. நான் எல்லாருக்கும் சொல்லிக்கிறேன்."

"பேசினேன் மச்சான். ஆனா அது பாதி."

"பாதின்னா?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவன் இடைமறித்தான். "எனக்கு இதெல்லாம் வெளங்காது. நான் ஏசி ரிப்பேர் பாக்குறவன். பேசினியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"பேசினேன்."

அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமைகள் போன் வரவில்லை. பின்பு வந்தது. அம்மா எப்படி இருக்கிறாள், கரண்டு பில் கட்டியாச்சா என்று கேட்டான். அதோடு வைத்துவிட்டான்.

தெருவில் யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சலாம் சொன்னால் பதில் சொன்னார்கள். விசேஷ வீடுகளுக்கு ஆமினாவைக் கூப்பிட்டார்கள், தஹ்மீனாவின் பெயரைச் சேர்க்கவில்லை. ஆமினா ஒருநாள், "ஊரு வாயில விழுந்துட்டியே" என்றாள். அவ்வளவுதான். துண்டறிக்கையைப் படிக்க அவளுக்குத் தெரியாது. கேசட்டை மட்டும் பலமுறை கேட்டிருந்தாள்.

தஹ்மீனாவுக்கு எல்லாவற்றையும்விட வேறொன்றுதான் தாங்க முடியவில்லை. சுஜூதில் நெற்றி தரையைத் தொடும்போது முன்புபோல அந்தச் சூட்டை நினைக்க முடியவில்லை. நினைத்த உடனே தக்பீர் முழக்கம் கேட்டது. அதைத் தள்ளினால் தஞ்சாவூர்க் கைதட்டல் கேட்டது. யாருக்கும் தராமல் தனக்கென்று அவள் வைத்திருந்தது அது ஒன்றுதான். அதை இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து, தை மாதம், அறுவடை நடந்துகொண்டிருந்த காலம். காலையில் போன் அடித்தது. வானதி.

"மீனா, அப்பா போயிட்டாரு."

"எப்ப?" என்றாள் தஹ்மீனா.

"விடியக்காலையில. அப்பா படுத்ததுமே அண்ணன் அமெரிக்காவுலேருந்து வந்துட்டான். முழுச் சடங்கும் செய்யணுங்கிறான். அம்மாவும் அதான் சொல்லுது. மெடிக்கல் காலேஜுக்குச் சொல்லவே விட மாட்டேங்கிறாங்க. நான் சொன்னா எடுபடல. நீ வா மீனா. அப்பா சொன்னத நீ காதால கேட்டிருக்க. நீ சாமி நம்புறவ. நீ சொன்னா அம்மா கேக்கும்."

நான் நம்புறேன் என்பதை மேடைக்கு வேணாம் என்று சொன்னவள் இப்போது அதற்காகவே கூப்பிடுகிறாள். அதைத் தஹ்மீனா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. களத்துச் சத்தத்தை அடக்கிவிட்டு, அவள் தொழுது முடிக்கும்வரை வாசலில் நின்ற மனிதரை நினைத்துக்கொண்டாள். "வரேன்" என்றாள்.

தஞ்சாவூரில் பஸ் மாறி ஒரத்தநாடு போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. துரைராசு வாசலில் கிடத்தப்பட்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி. கைகளைக் கூப்பியதுபோல் கட்டியிருந்தார்கள். கறுப்புச் சட்டை போட்ட நாலைந்து கிழவர்கள் வேலிக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றார்கள். மாலை வைக்க மட்டும் அவர்களை விட்டார்களாம். சங்கு ஊதுகிறவர் வந்திருந்தார்.

வானதியின் அண்ணன் சூர்யபிரகாஷ் புது வேட்டியில், மார்பில் ஈரத்துண்டோடு நின்றான். நியூஜெர்ஸியில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே கோயில் கட்டுகிற கமிட்டியில் இருந்தான். வானதி அம்மாவின் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தஹ்மீனாவைக் கண்ணால் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள்.

தஹ்மீனா பிரகதாம்பாளின் முன்னால் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழ விட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, அய்யா என்ன கேட்டாருன்னு உங்களுக்கே தெரியும். சங்கு வேணாம், சடங்கு வேணாம், உடம்ப ஆசுபத்திரிக்குக் குடுத்துடுங்கன்னாரு. நானும் கேட்டிருக்கேன்."

பிரகதாம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "நீ அஞ்சு வேள தொழுவுறவ. ஒங்க வீட்டு மனுசன இப்பிடி அனுப்புவீங்களா? கத்தி வச்சி அறுக்கக் குடுப்பீங்களா? சத்தியமாச் சொல்லு."

"குடுக்க மாட்டோம்மா."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சொல்ற?"

"அவரு கேட்டது அதம்மா. நம்பாதவரா வாழ்ந்தாரு. அப்பிடியே போவணும்னுதான் கேட்டாரு."

பின்னாலிருந்து ஒரு பெண், "யாரு இது, சாயபு வீட்டுப் பொண்ணா? இது எதுக்கு இங்க வந்து ஞாயம் பேசுது?" என்றாள். சூர்யபிரகாஷ் வந்தான். அவன் கத்தவில்லை.

"அவருக்கு நம்பிக்கை இல்ல. எனக்கு இருக்கு. அவரு இனிமே எதையும் தெரிஞ்சிக்கப் போறதில்ல, அவரே சொல்வாரு. நான்தான் மிச்ச காலம் இருக்கணும். உங்க வீட்டுச் சாவுல நாங்க வந்து இப்பிடிப் பேசுவோமா? தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் வெளிய இருங்க."

அதற்குள் அத்தைக்காரி வானதியின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, இவள நீதான் வரச் சொன்னியா?"

எல்லாரும் வானதியைப் பார்த்தார்கள். பிரகதாம்பாளும் பார்த்தாள். வானதி அப்பாவின் கட்டப்பட்ட கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள். "அதுவா வந்துருக்கு."

தஹ்மீனா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். துரைராசுவின் கால்மாட்டில் ஒரு கணம் நின்றாள். அவருக்காக இறைவனிடம் மனசுக்குள் துஆ கேட்கத் தொடங்கினாள். அவர் அதையும் கேட்டிருக்க மாட்டார் என்று தோன்ற, நிறுத்திக்கொண்டாள். அவள் வேலியைத் தாண்டும்போது சங்கு ஊத ஆரம்பித்தார்கள். புளியமரத்தடிக் கிழவர்களில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்துபோனார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அறுத்த வயல்களில் மெஷின் ஓடிய தடம் தெரிந்தது. தஞ்சாவூர் வரும்வரை அவள் அழவில்லை. பேட்டை பஸ்ஸில் ஏறிய பிறகும் அழவில்லை. பிற்பகல் அஸர் தொழுகை தவறிவிட்டது என்பது வலங்கைமான் தாண்டியபோதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் ஆமினா விளக்குப் போட்டுவிட்டு, முறத்தில் உளுந்தைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "காரியம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிருக்கும் மாமி."

ஆமினா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

"ஏம்மா, நீ அன்னிக்கு மாநாட்டுல என்னதான் பேசுன? டேப்புல வந்தது தெரியும். தாளுல என்ன வந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ சொல்லு. முழுசாச் சொல்லு. எனக்கு நேரம் இருக்கு."

தஹ்மீனா டம்ளரைக் கீழே வைத்தாள். இத்தனை நாளில் அவளிடம் இதைக் கேட்ட முதல் ஆள் இவள். பள்ளியில் யாரும் கேட்கவில்லை. கட்டியவன் கேட்கவில்லை. ஜமாஅத்தில் கேட்கவில்லை. எத்தனையோ முறை கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்ட பேச்சு. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வானத்துல நட்சத்திரக் கூட்டமெல்லாம் ஒண்ணவிட்டு ஒண்ணு வெலகிப் போவுது மாமி..." என்று ஆரம்பித்தாள்.

தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. யாருக்கோ பதில் சொல்லுகிற குரலாக இருந்தது. குற்றம் செய்தவள் சாட்சி சொல்லுகிற மாதிரி இருந்தது. முன்பு அந்த வார்த்தைகளுக்குள் இருந்த எதுவும் இப்போது அவற்றில் இல்லை. அடுத்த வாக்கியம் தெரியும், அதற்கு அடுத்ததும் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

ஆமினா காத்திருந்தாள். உளுந்து பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"இன்னொரு நாள் சொல்றேன் மாமி" என்றாள் தஹ்மீனா.

"சரிம்மா" என்றாள் ஆமினா.

மறுநாள் ஆமினா கேட்கவில்லை. மருமகள் தானாகச் சொல்லுவாள் என்று இருந்திருக்கலாம். தஹ்மீனா வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கினாள். கணக்கை யாரும் ஆட்சேபிக்கவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், சாயங்காலம் வீடு நிறைந்தது. இயற்பியலையும் சேர்த்துச் சொல்லித்தரச் சொன்ன ஒரு தாயிடம், படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.